‘கொஞ்சம் ஸ்பானிஷ் தெரியும்’ என்றால் போதுமா? அமெரிக்க மருத்துவமனைகள் கேட்கும் மொழிப் படிப்பு

1980 ஜனவரி. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணத்தில் 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறார். கியூபாவிலிருந்து வந்த குடும்பம், வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். பையன் சாப்பிட்ட ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் நினைக்கிறார்கள். ‘இன்டாக்சிகாடோ’ என்ற சொல் அவர்கள் பக்கத்திலிருந்து வருகிறது. கியூபர்கள் பேசும் ஸ்பானிஷில் அதற்கு, சாப்பிட்டதோ குடித்ததோ உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டது என்று பொருள். மருத்துவமனை ஊழியர்களின் காதில் அது ஆங்கிலத்தின் ‘இன்டாக்ஸிகேட்டட்’ ஆக விழுந்தது. அதாவது, போதை.

போதைமருந்தை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டவருக்கான சிகிச்சை தொடங்கியது. உண்மையில் அவருக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு. அது தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. இரு கைகளும் இரு கால்களும் செயலிழந்துபோயின. வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 7.1 கோடி டாலர் வரும் இழப்பீட்டில் வழக்கு முடிந்தது.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பாளரை யாரும் கூப்பிடவில்லை. ஏனென்றால், மொழி புரியவில்லை என்று இரண்டு தரப்பிலும் யாருமே நினைக்கவில்லை. சொன்னவர்கள் சரியாகச் சொல்லிவிட்டதாக நினைத்தார்கள்; கேட்டவர்கள் சரியாகப் புரிந்துகொண்டதாக நினைத்தார்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இன்று ‘மருத்துவத் துறைக்கான ஸ்பானிஷ்’ என்ற பெயரில் படிப்புகள் பரவலாக இருக்கின்றன. மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட் ஆக விரும்பும் மாணவர்கள் இவற்றில் சேர்கிறார்கள். இந்தப் படிப்பு உண்மையில் கைகொடுக்குமா? எவ்வளவு படித்தால் போதும்? கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பது நல்லதா, ஆபத்தா?

ஏன் ஸ்பானிஷ்?

காரணம் மக்கள்தொகை. 2020 கணக்கெடுப்பின்படி, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் ஸ்பானிஷ் பின்னணி கொண்டவர்களும் அமெரிக்காவில் சுமார் 6.2 கோடிப் பேர். மொத்த மக்கள்தொகையில் ஏறக்குறைய 19 சதவீதம். வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவர்கள் மட்டும் 4 கோடிக்கும் அதிகம்.

இவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலமும் நன்றாகவே தெரியும். ஆனால், ஆங்கிலத்தில் சரளமாகப் பேச இயலாதவர்கள் என்று கணக்கெடுப்பு வகைப்படுத்தும் சுமார் 2.5 கோடிப் பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஸ்பானிஷ் பேசுபவர்கள். கடையில் பொருள் வாங்கவும் வேலை பார்க்கவும் அவர்களிடம் இருக்கும் ஆங்கிலம் போதும். நெஞ்சில் வரும் வலி குத்துகிற வலியா, அழுத்துகிற வலியா, எரிச்சலா என்று டாக்டரிடம் சொல்வதற்கு அந்த ஆங்கிலம் போதாது. வலியை மனிதர்கள் தாய்மொழியில்தான் சொல்வார்கள்.

இன்னொரு பக்கம், மருத்துவர்களில் லத்தீன் வம்சாவளியினர் சுமார் 7 சதவீதம்தான். இந்த இடைவெளிதான் பல்கலைக்கழகங்களில் பாடமாகவும் பட்டயமாகவும் மாறியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் நோயாளிக்கு மொழி உதவி தருவது மருத்துவமனையின் பெருந்தன்மை அல்ல, சட்டக் கடமை. அரசின் நிதி பெறும் எந்த அமைப்பும் பூர்வீக நாட்டை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 1964-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம். மொழி தெரியாததால் ஒருவருக்குச் சேவை கிடைக்காமல் போவதும் அந்தப் பாகுபாட்டில் சேரும் என்று பின்னர் பொருள் கொள்ளப்பட்டது. மெடிகேர், மெடிக்எய்ட் எனும் அரசுக் காப்பீடுகளின் பணத்தைப் பெறாத மருத்துவமனை அங்கே அரிது. அதனால் கிட்டத்தட்ட எல்லா மருத்துவமனைகளும் இதற்குக் கட்டுப்பட்டவை.

2010-ல் ஒபாமா ஆட்சியில் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-வது பிரிவு இதை மேலும் இறுக்கியது. அதன் கீழ் வந்த விதிகளின்படி, நோயாளிக்குத் ‘தகுதியுள்ள’ மொழிபெயர்ப்பாளரைக் கட்டணம் வாங்காமல் தர வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசர நிலை தவிர, நோயாளியோடு வந்த குழந்தையை மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது.

2025 மார்ச் 1-ம் தேதி அதிபர் ட்ரம்ப் பிறப்பித்த ஆணை, ஆங்கிலத்தை அமெரிக்காவின் அதிகாரபூர்வ மொழியாக அறிவித்தது. மொழி உதவி தொடர்பாக 2000-ல் அதிபர் கிளின்டன் பிறப்பித்த ஆணையையும் அது ரத்து செய்தது. அப்படியென்றால் மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லையா? இல்லை. ரத்தானது அதிபரின் ஆணைதான். 1964-ம் ஆண்டுச் சட்டத்தையும் 1557-வது பிரிவையும் ஓர் ஆணையால் நீக்க முடியாது. அமலாக்கம் தளருமோ என்ற கவலை இருந்தாலும், கடமை அப்படியேதான் இருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் எப்படிப் படிக்கிறார்கள்?

பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ஸ்பானிஷையே முதன்மைப் பாடமாக எடுப்பது. பலருக்கு இது வியப்பாக இருக்கும். அமெரிக்காவில் முதலில் நான்காண்டு இளநிலைப் பட்டம், அதற்குப் பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அந்த இளநிலைப் பட்டம் உயிரியலில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உயிரியல், வேதியியல், இயற்பியல் போன்ற அடிப்படைப் பாடங்களை முடித்து, நுழைவுத் தேர்வையும் எழுதினால் ஸ்பானிஷ் பட்டதாரியும் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். மொழி, இலக்கியம், வரலாறு போன்ற பாடங்களைப் படித்துவிட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு இடம் கிடைக்கும் விகிதம், உயிரியல் படித்தவர்களைவிடக் குறைவாக இல்லை.

இரண்டாவது, துணைப் பாடமாகவோ சான்றிதழ் படிப்பாகவோ எடுப்பது. செவிலியர் படிப்பில் பாடத்திட்டம் நெருக்கமானது. மருத்துவமனைப் பயிற்சியும் சேர்ந்துகொள்ளும். அவர்களுக்கு இதுதான் நடைமுறையில் சாத்தியம்.

மூன்றாவது, மருத்துவ மொழிபெயர்ப்பையே தொழிலாக எடுத்துக்கொள்பவர்களுக்கான பயிற்சி.

மருத்துவக் கல்லூரிக்குள் போன பிறகும் வாய்ப்பு இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் 2004-ல் தொடங்கிய திட்டம் ஒன்று, லத்தீன் சமூகத்துக்குச் சேவை செய்யப்போகும் மருத்துவர்களை உருவாக்குவதற்கென்றே நடக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக மாணவர்கள் சாக்ரமென்டோ நகரில் 1974 முதல் ‘கிளினிக்கா தெபாத்தி’ என்ற இலவச மருத்துவமனையை நடத்திவருகிறார்கள். வகுப்பில் படித்த மொழி, நோயாளி முன்னால் நிற்கும்போது தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. தேவை அதிகம் இருக்கும் இதே காலத்தில், கல்லூரிகளில் ஸ்பானிஷ் படிப்பவர்கள் குறைந்துவருகிறார்கள். 2016-க்கும் 2021-க்கும் இடையில் எண்ணிக்கை ஏறக்குறைய 18 சதவீதம் சரிந்தது. 2023-ல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் செலவைக் குறைப்பதற்காகத் தன் உலக மொழிகள் துறையையே கலைத்தது. எதிர்ப்புக்குப் பிறகு ஸ்பானிஷையும் சீன மொழியையும் கற்பிக்கச் சில ஆசிரியர்களை மட்டும் வைத்துக்கொண்டது. மொழித் துறைகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ‘வேலைக்கு உதவும் ஸ்பானிஷ்’ என்று பேசத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அகராதி போதாதா?

மருத்துவ ஸ்பானிஷ் என்றால் உடல் உறுப்புகளின் பெயர்ப் பட்டியல் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தொடக்கம் மட்டுமே.

ஆங்கிலம் போலவே ஒலிக்கும், ஆனால் பொருள் வேறான சொற்கள் ஸ்பானிஷில் நிறைய. ‘எம்பராசாடா’ என்பது கூச்சப்படும் பெண்ணைக் குறிக்கும் சொல் இல்லை. அவர் கர்ப்பமாக இருக்கிறார் என்று பொருள். ‘கொன்ஸ்டிபாடோ’ என்று ஸ்பெயின்காரர் சொன்னால் அவருக்கு மலச்சிக்கல் இல்லை, ஜலதோஷம். ‘குவாகுவா’ என்றால் கியூபாவில் பஸ்; சிலியில் கைக்குழந்தை.

மருந்துச் சீட்டில் இந்தக் குழப்பம் உயிரோடு விளையாடும். ‘ஒரு முறை’ என்பதற்கான ஆங்கிலச் சொல் ‘ஒன்ஸ்’. அதே நான்கு எழுத்துகளை ஸ்பானிஷ்காரர் ‘ஓன்சே’ என்று படிப்பார். ஓன்சே என்றால் பதினொன்று. தினம் ஒரு மாத்திரை எங்கே, பதினொன்று எங்கே!

மரியாதையும் இருக்கிறது. நீ, நீங்கள் என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. ஸ்பானிஷில் உண்டு: ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தெத்’ என்றால் நீங்கள். எழுபது வயதுப் பாட்டியை இருபத்தைந்து வயது டாக்டர் ‘நீ’ என்று கூப்பிட்டால் என்ன ஆகும் என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இலக்கணத் தேர்வில் அது அரை மதிப்பெண் பிழை. மருத்துவமனையில், அந்தப் பாட்டி அதற்குப் பிறகு வாயைத் திறக்காமல் போகலாம்.

நோயைப் பற்றிய நம்பிக்கைகள் அடுத்தது. ‘சுஸ்தோ’ என்று லத்தீன் அமெரிக்கக் கிராமங்களில் சொல்வார்கள். திடீரென்று பயந்ததால் வரும் சோர்வு, தூக்கமின்மை, பசியின்மை. நம் ஊரில் குழந்தைக்குப் ‘பயந்த கோளாறு’ என்பதற்கு மிக நெருக்கமானது. ‘எம்பாச்சோ’ என்றால் சாப்பிட்டது வயிற்றில் ஒட்டிக்கொண்டது; நம்முடைய ‘மாந்தம்’ மாதிரி. எந்த அகராதியைப் புரட்டினாலும் இதற்கு நேரான மருத்துவச் சொல் கிடைக்காது. ஆனால், அம்மா சொல்வது இதைத்தான். அதைக் கேட்டுச் சிரிக்காமல், ‘எத்தனை நாளாக? என்ன கொடுத்தீர்கள்?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்கத் தெரிந்திருப்பதுதான் மருத்துவ ஸ்பானிஷ்.

அரைகுறை ஏன் ஆபத்து?

ஒன்றும் தெரியாதவர் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவார். நன்றாகத் தெரிந்தவர் தானே பேசிக்கொள்வார். பிரச்சினை நடுவில் இருப்பவரிடம்தான்.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் பயிற்சியில் இருந்த மருத்துவர்களுக்கு 45 மணி நேர ஸ்பானிஷ் வகுப்பு எடுத்து, பிறகு அவர்கள் நோயாளிகளிடம் பேசியதைப் பதிவு செய்து பார்த்த ஆய்வு 1995-ல் வெளியானது. பாதிக்கும் மேற்பட்ட உரையாடல்களில் சிறு பிழைகள். 14 சதவீதத்தில் பெரிய பிழைகள். நோய் எத்தனை நாளாக இருக்கிறது என்பதையே தவறாகப் புரிந்துகொண்டதும் அதில் சேரும். மொழி தெரியும் என்ற இந்தப் பொய்யான தைரியத்தைத்தான் ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள்.

2003-ல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது. ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களுடன் நடந்த 13 மருத்துவ உரையாடல்களைப் பதிவு செய்து, மொழிபெயர்ப்புப் பிழைகளை எண்ணினார்கள். மொத்தம் 396. சராசரியாக ஓர் உரையாடலுக்கு 31. அவற்றில் 63 சதவீதம், சிகிச்சையைப் பாதிக்கக்கூடிய வகை. வாய்வழி கொடுக்க வேண்டிய ஆன்டிபயாடிக் மருந்தைக் காதுக்குள் விடும்படி ஒரு தாயிடம் சொல்லப்பட்டதும் அதில் ஒன்று. குழந்தைக்குக் காதில்தானே தொற்று! கேட்பவருக்குச் சந்தேகமே வராது.

சரி, படித்தால் மாறுமா? மாறும். அவசரப் பிரிவுகளில் நடந்து 2012-ல் வெளியான மற்றோர் ஆய்வில், பயிற்சி இல்லாமல் மொழிபெயர்த்தவர்களின் பிழைகளில் 22 சதவீதம் ஆபத்தானவை. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களிடம் அது 12 சதவீதம். 100 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி பெற்றவர்களிடம் வெறும் 2 சதவீதம். கவனியுங்கள், எத்தனை ஆண்டு அனுபவம் என்பதைவிட எத்தனை மணி நேரப் பயிற்சி என்பதே வித்தியாசத்தைக் காட்டியது.

நோயாளிக்கு என்ன லாபம்?

மருத்துவரே நோயாளியின் மொழியைப் பேசினால் நோய் குணமாவதில் மாற்றம் தெரியுமா? வடக்கு கலிஃபோர்னியாவில், ஆங்கிலம் அதிகம் தெரியாத, சர்க்கரை நோய் உள்ள 1,600-க்கும் மேற்பட்ட லத்தீன் நோயாளிகளைக் கவனித்த ஆய்வு 2017-ல் வந்தது. ஸ்பானிஷ் பேசாத மருத்துவரிடமிருந்து ஸ்பானிஷ் பேசும் மருத்துவருக்கு மாறியவர்களை, ஸ்பானிஷ் பேசாத இன்னொரு மருத்துவருக்கே மாறியவர்களுடன் ஒப்பிட்டார்கள். முதல் பிரிவில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்களின் விகிதம் கூடுதலாக 10 சதவீதப் புள்ளிகள் உயர்ந்திருந்தது.

புது மாத்திரை எதுவும் இல்லாமல் கிடைத்த பலன் இது. சர்க்கரை நோய்க்கு மருந்து பாதி, பேச்சு பாதி. என்ன சாப்பிடுகிறீர்கள், எப்போது மாத்திரையை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று விசாரிக்காமல் அது கட்டுப்படாது.

சம்பளம் எப்படி?

இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 கணக்குப்படி, மொழிபெயர்ப்பாளர்களின் இடைநிலை ஆண்டு வருமானம் சுமார் 57,000 டாலர். பதிவு பெற்ற செவிலியர்களுக்குச் சுமார் 86,000 டாலர். மொழியை மட்டும் வைத்திருப்பதைவிட, மருத்துவத் தொழிலோடு மொழியைச் சேர்த்து வைத்திருப்பவருக்கே வாய்ப்பு விரிவானது என்பதை இது காட்டுகிறது. சில மருத்துவமனைகள் இருமொழி ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு கூடுதல் படி தருகின்றன.

ஆனால், எல்லா இடத்திலும் அப்படியில்லை. ஸ்பானிஷ் தெரிந்த செவிலியர் என்றால், தன் வார்டு வேலையோடு பக்கத்து வார்டிலிருந்தும் ‘ஒரு நிமிஷம் வந்து சொல்லிட்டுப் போங்க’ என்ற அழைப்பு வந்துகொண்டே இருக்கும். அதற்குத் தனி நேரமும் கிடையாது, தனிச் சம்பளமும் கிடையாது. தவறாகச் சொல்லிவிட்டால் பழி மட்டும் வந்து சேரும். வேலைக்குச் சேரும்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

தகுதியை அளப்பது யார்?

பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் மட்டும் மருத்துவமனைக்குப் போதாது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இரண்டு தேசியச் சான்றிதழ் அமைப்புகள் இருக்கின்றன; தேர்வு எழுதுவதற்கே குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி வேண்டும். நோயாளியிடம் நேரடியாக ஸ்பானிஷில் பேச விரும்பும் மருத்துவர்களுக்குத் தனித் தேர்வுகள் உண்டு. கைசர் பெர்மனென்டே போன்ற பெரிய மருத்துவக் குழுமங்கள், தொலைபேசி வழியே நடக்கும் இத்தகைய தேர்வைப் பயன்படுத்துகின்றன.

கைப்பேசி மொழிபெயர்த்துவிடாதா?

இன்றைய தேதியில் எல்லோரும் கேட்கும் கேள்வி. அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரப்படும் 100 அறிவுரைத் தாள்களைக் கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டுப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. ஸ்பானிஷில் 92 சதவீத வாக்கியங்கள் சரியாக இருந்தன. 2 சதவீதம், நோயாளிக்குப் பெரும் தீங்கு தரக்கூடியவை. அதன் பிறகு தொழில்நுட்பம் இன்னும் வளர்ந்திருக்கிறது, உண்மைதான். ஆனால், எந்த வாக்கியம் அந்த 2 சதவீதத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் வேண்டும். 1557-வது பிரிவின் 2024 விதிகளும் இதையே சொல்கின்றன: முக்கியமான ஆவணங்களை இயந்திரம் மொழிபெயர்த்தால், தகுதியுள்ள மனிதர் ஒருவர் அதைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

இயந்திரத்துக்குப் பார்க்கத் தெரியாத இடங்களும் உண்டு. லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர் என்பதாலேயே ஒருவருக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று சொல்ல முடியாது. மெக்சிகோவின் மிக்ஸ்டெக், குவாத்தமாலாவின் மாம் போன்ற பூர்வகுடி மொழிகளைப் பேசும் விவசாயத் தொழிலாளர்கள் கலிஃபோர்னியாவில் இருக்கிறார்கள். ஸ்பானிஷில் கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்கு ‘புரிந்தது’ என்று அர்த்தமில்லை. மொழியை ஆழமாகப் படித்தவருக்குத்தான் அது பிடிபடும்.

இங்கிருந்து போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் பணிபுரியும் மருத்துவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர். அவர்களில் இந்தியாவில் படித்துவிட்டுப் போனவர்களே அதிகம். தமிழர்களும் அதில் உண்டு. நியூயார்க்கிலோ டெக்சாஸிலோ பயிற்சி மருத்துவராகச் சேரும் ஒருவர், முதல் வாரத்திலேயே ஸ்பானிஷ் மட்டும் பேசும் நோயாளியைச் சந்திப்பார். ஏற்கெனவே இரண்டு மூன்று மொழிகளோடு வளர்ந்தவர் என்பதால் நாலு வாக்கியங்கள் சீக்கிரம் வந்துவிடும். ஆபத்தும் அந்த நாலு வாக்கியங்களில்தான் இருக்கிறது.

வணக்கம் சொல்லவும், பெயரைக் கேட்கவும், ‘பயப்படாதீர்கள், இதோ வருகிறேன்’ என்று ஆறுதல் சொல்லவும் கொஞ்சம் ஸ்பானிஷ் தாராளமாகப் போதும். நோயின் வரலாற்றைக் கேட்க, மருந்தின் அளவைச் சொல்ல, அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்து வாங்க அது போதாது. தேர்வில் தேறும் வரைக்கும், அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடத்தான் வேண்டும். இது யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

1980-ல் அந்த ஃபுளோரிடா மருத்துவமனையில் யாராவது ஒருவர், ‘நீங்கள் சொன்ன அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?’ என்று இன்னொரு முறை கேட்டிருந்தால் போதும். நான்காண்டு ஸ்பானிஷ் படிப்பு ஒரு மாணவருக்குத் தர வேண்டியது சரளத்தை மட்டும் அல்ல, அந்தச் சந்தேகத்தையும்தான்.